ஓர் ஆக்சிஜன் கூடும்போது

சமையலறை உப்பின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு குளோரின்தான் என்பதும், அந்தக் குளோரினை மனிதர் வாழ்நாள் முழுவதும் உண்டு நலமாக இருக்கின்றனர் என்பதும் வேதியியலின் மிக எளிய உண்மைகள். தேனி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் கூடலூருக்கு லோயர்கேம்பிலிருந்து வரும் முல்லைப் பெரியாற்றுக் குடிநீரில் கிருமி நீக்குவதற்காகச் சேர்க்கப்படுவதும் அதே குளோரின்தான். ஆனால் அங்கே ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் அளவிலேயே அது கிருமிகளைக் கொல்கிறது. அதே வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் தீக்குச்சியின் மருந்தில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட்டிலும் குளோரின் உண்டு. அது நாற்றமின்றி மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்து, ஓர் உரசலில் தீயாகிறது. ஒரே தனிமம் ஓரிடத்தில் உணவாகவும், ஓரிடத்தில் கிருமிக்கொல்லியாகவும், ஓரிடத்தில் நெருப்பாகவும் இருப்பது எப்படி என்பதுதான் புதிர். அதற்கான விடை, அந்தக் குளோரின் அணுவோடு எத்தனை ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்திருக்கின்றன என்ற எண்ணிக்கையில் பெருமளவு அடங்கியிருக்கிறது.

ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய தனிமங்களைக் கொண்ட குடும்பத்துக்கு ஹாலஜன் என்று பெயர். உப்பை உண்டாக்குவது என்னும் கிரேக்கப் பொருளை அப்படியே ஏந்தும் வகையில் ‘உப்பீனி’ என்று தமிழில் ஆக்கப்பட்ட சொல், கலைச்சொல்லாக்கத்தின் அழகான வெற்றிகளுள் ஒன்று. இந்த உப்பீனிகள் ஒவ்வொன்றின் வெளிக்கூட்டிலும் ஏழு எலக்ட்ரான்கள் உள்ளன. எட்டாவதாக ஒன்று கிடைத்தால் கூடு நிறைந்துவிடும். சோடியம் தன்னிடம் உள்ள ஓர் எலக்ட்ரானைத் தந்துவிடுவதால் உப்பில் உள்ள குளோரின் நிறைவடைந்து, குளோரைடு அயனி என்னும் அமைதியான வடிவத்தை அடைகிறது. உப்பு யாரையும் தாக்காமல் இருப்பதற்கு இந்த நிறைவே காரணம்.

ஆனால் குளோரினைவிட எலக்ட்ரான் பசி மிகுந்த தனிமங்கள் உண்டு. ஆக்சிஜன் அவற்றுள் ஒன்று. குளோரின் ஆக்சிஜனோடு பிணையும்போது, பிறரிடம் வாங்கியே பழகிய குளோரின் தன் கையிருப்பை இழக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு வேதியியலாளர் வைத்திருக்கும் பேரேட்டுக் கணக்குக்கு ஆக்சிஜனேற்ற எண் என்று பெயர். உப்பில் குளோரினின் கணக்கு ஒன்று வரவு. ஆக்சிஜனோடு சேர்ந்த அமிலங்களில் அது முறையே ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு எனச் செலவுப் பக்கத்தில் ஏறிக்கொண்டே போகிறது. இழந்ததை மீட்க, அருகில் அகப்படும் பொருளிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிப்பதைத்தான் ஆக்சிஜனேற்றும் தன்மை என்கிறோம். துணியின் சாயம் வெளுப்பதும், கிருமியின் உடல் சிதைவதும், கந்தகம் எரிவதும் அந்தப் பறிப்பின் வெவ்வேறு முகங்கள்.

இந்த அமிலங்களின் வரலாற்றுக்குள்ளேயே ஒரு பெரிய தவறும் அதன் திருத்தமும் பொதிந்துள்ளன. ஆக்சிஜனுக்குப் பெயரிட்ட லவாய்சியே, அமிலங்கள் அனைத்துக்கும் ஆக்சிஜனே மூலம் என்று நம்பினார். அந்தப் பெயரின் பொருளே அமிலத்தை உண்டாக்குவது என்பதுதான். 1774-இல் ஷீலே உப்பமிலத்திலிருந்து பிரித்தெடுத்த பசுமஞ்சள் வாயுவும் ஆக்சிஜன் கலந்த ஒரு சேர்மமே என்று அக்காலத்தார் கருதினர். 1810-இல் ஹம்ஃப்ரி டேவி, பழுக்கக் காய்ச்சிய கரியைக் கொண்டுகூட அந்த வாயுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க முடியவில்லை என்பதைக் காட்டி, அது ஒரு தனிமமே என்று நிறுவி, அதன் நிறத்தைக் கொண்டு குளோரின் என்று பெயரிட்டார். உப்பமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது அன்று உறுதியானது. ஆக்சிஜன் உள்ள குளோரின் அமிலங்கள் தனியே ஒரு வரிசையாக நிற்கின்றன என்பது அடுத்த சில பத்தாண்டுகளில் தெளிவானது. அவற்றை ஆக்சி அமிலங்கள் என்பர்.

அந்த வரிசையில் நான்கு படிகள். ஓர் ஆக்சிஜன் உள்ளது ஹைப்போகுளோரஸ் அமிலம்; இரண்டு உள்ளது குளோரஸ் அமிலம்; மூன்று உள்ளது குளோரிக் அமிலம்; நான்கு உள்ளது பெர்குளோரிக் அமிலம். ‘ஹைப்போ’ என்பது கீழே என்றும், ‘பெர்’ என்பது முழுமையாக, மிகுதியாக என்றும் பொருள்படும் முன்னொட்டுகள். இவற்றின் உப்புகள் முறையே ஹைப்போகுளோரைட்டு, குளோரைட்டு, குளோரேட்டு, பெர்குளோரேட்டு எனப்படும். தமிழில் படிப்போர் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும்: ‘குளோரைடு’ என்பது ஆக்சிஜனே இல்லாத சாதாரண உப்பு; ‘குளோரைட்டு’ என்பது இரண்டு ஆக்சிஜன் ஏறிய, வீரியமான வேறொரு பொருள். காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும் இரு சொற்களுக்கு இடையில் நான்கு எலக்ட்ரான்களின் தொலைவு இருக்கிறது.

முதற்படியில் நிற்கும் ஹைப்போகுளோரஸ் அமிலமே கூடலூர் மக்களின் அன்றாடத்துக்கு மிக நெருக்கமானது. பாடநூல்கள் சலவைத்தூள் என்றும் ஊர் மக்கள் பிளீச்சிங் பவுடர் என்றும் சொல்லும் வெண்பொடி, நீற்றுச் சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்திச் செய்யப்படுவது. 1799-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு வேண்டிய குளோரின், மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும் உள்ளவை போன்ற ஆலைகளில், உப்பு நீரில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா தயாரிக்கும்போது கூடவே பிறக்கிறது. சலவைத்தூளைத் தண்ணீரில் கரைத்தால் ஹைப்போகுளோரைட்டு அயனி வெளிவருகிறது. அது நீரிலிருந்து ஒரு ஹைட்ரஜனை ஏற்றுக்கொண்டால் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது.

இந்த இரு வடிவங்களுக்கு இடையிலான வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், கிருமியின் உயிர் அதில்தான் தொங்குகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் உடையது. ஹைப்போகுளோரைட்டு அயனியும் எதிர்மின்னூட்டம் உடையது என்பதால் அது அங்கே அண்டவிடாமல் தள்ளப்படுகிறது. ஹைப்போகுளோரஸ் அமிலத்துக்கோ மின்னூட்டமே இல்லை. தண்ணீர் மூலக்கூறைப் போலவே சிறியதாகவும் இருப்பதால் அது கிருமியின் உறைக்குள் எளிதாக நுழைந்து, உயிர்நடப்புக்கு இன்றியமையாத புரதங்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. கிருமி நீக்குவதில் அது அயனி வடிவத்தைவிடப் பல பத்து மடங்கு வலியது. எந்த வடிவம் எவ்வளவு இருக்கும் என்பதை நீரின் அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். மதிப்பு முடிவுசெய்கிறது: 7.5 இருக்கும்போது இரண்டும் சரிபாதி; 6.5-க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு அமிலம், 8.5-க்கு ஏறினால் பத்தில் ஒரு பங்கு மட்டுமே அமிலம். ஆகவே ஒரே அளவு சலவைத்தூள் ஓர் ஊரின் நீரில் நன்றாக வேலை செய்து, காரத்தன்மை மிகுந்த இன்னோர் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீரில் சோம்பிக் கிடப்பதில் வியப்பில்லை.

மழைக்காலத்தில் மலையிலிருந்து மண்ணையும் இலைச் சருகுகளின் சாற்றையும் கரைத்துக்கொண்டு ஆறு கலங்கி வரும்போது சலவைத்தூள் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் அந்த எலக்ட்ரான் பறிப்பே. எலக்ட்ரான் தரக்கூடிய எந்தப் பொருளையும் ஹைப்போகுளோரஸ் அமிலம் தாக்குமாதலால், கிருமிக்குச் சேர வேண்டியது சருகுக்கும் சேற்றுக்கும் போய்விடுகிறது. அவை எல்லாம் எடுத்துக்கொண்டது போகக் குழாய் முனையில் எஞ்சி நிற்பதை எஞ்சிய குளோரின் என்பர். இந்தியக் குடிநீர்த் தரநிலை அது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. சோதனைக் குழாயில் பிடித்த நீரில் வினைப்பொருளின் சில துளிகளை விட்டு, தோன்றும் மஞ்சள் நிறத்தின் அடர்த்தியை அட்டையோடு ஒப்பிடும் நீர்ப்பணியாளர் அளப்பது, உண்மையில், ஆற்றின் பசி தீர்ந்த பிறகு மிஞ்சிய காவலைத்தான்.

நோய்க்குக் கிருமியே காரணம் என்பது நிலைநாட்டப்படுவதற்கு முன்பே சலவைத்தூளின் பயன் கண்டறியப்பட்டது. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணச் சோதனைக் கூடத்திலிருந்து வரும் மருத்துவர்கள் சலவைத்தூள் கரைசலில் கை கழுவியபின்பே பிரசவம் பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது, தாய்மார்களின் மரணம் வெகுவாகக் குறைந்தது. இன்னும் பின்னால் தெரியவந்த செய்தி இதைவிட நெஞ்சைத் தொடுவது: மனித இரத்தத்தின் வெள்ளையணுக்களுள் ஒரு வகை, தான் விழுங்கிய கிருமியைக் கொல்வதற்காக, உண்ட உப்பின் குளோரைடிலிருந்தே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தயாரிக்கிறது. நகராட்சித் தொட்டியில் நடப்பது ஒவ்வொருவரின் உடலுக்குள்ளும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

ஹைப்போகுளோரஸ் அமிலம் மிக வலுவற்ற அமிலம். சோடாவில் இருக்கும் கார்பானிக் அமிலத்தைவிடவும் வலுக்குறைந்தது. வலுத்தது வலுவற்றதை அதன் உப்பிலிருந்து வெளியேற்றும் என்ற விதிப்படி, காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து சலவைத்தூளிலிருந்து இதனைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகின்றன. மூடாத மூட்டையிலிருந்து வரும் காரமான நெடி, அதன் வீரியம் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது என்பதன் அறிவிப்பு. பல மாதம் திறந்து கிடந்த பொடி வெறும் சுண்ணாம்புக்குச் சமம்.

ஆக்சிஜன் கூடக்கூட அமிலத்தின் வலிமை வியக்கத்தக்க அளவில் ஏறுகிறது. ஓர் ஆக்சிஜன் இரண்டாகும்போதே வலிமை சில லட்சம் மடங்கு கூடுகிறது. நான்காகும்போது பெர்குளோரிக் அமிலம் கந்தக அமிலத்தையும் விஞ்சிய வலிமை பெறுகிறது. அமிலம் என்பது ஹைட்ரஜனை அயனியாக விட்டுக்கொடுப்பது. விட்டுக்கொடுத்த பிறகு, எஞ்சிய மூலக்கூறு ஓர் எதிர்மின்னூட்டத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது. திருவிழாச் சப்பரத்தை ஒருவர் தூக்குவதற்கும் நால்வர் தோள்கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒற்றை ஆக்சிஜன் அந்தச் சுமையைத் தாளாமல் ஹைட்ரஜனைத் திரும்ப அழைத்துக்கொள்கிறது. நான்கு ஆக்சிஜன்கள் பகிர்ந்து சுமக்கும்போது ஹைட்ரஜன் போனதே தெரிவதில்லை.

இப்போது கட்டுரையின் மையமான முரண்பாட்டுக்கு வரலாம். பேரேட்டுக் கணக்கின்படி ஒன்றை இழந்த ஹைப்போகுளோரைட்டைவிட ஏழை இழந்த பெர்குளோரேட்டுதான் வெறிகொண்டு பாய வேண்டும். நடப்பதோ நேர் எதிர். சாயம் கலந்த நீரில் சலவைத்தூளைப் போட்டால் சில நிமிடங்களில் நிறம் போகிறது. அதே நீரில் சோடியம் பெர்குளோரேட்டைக் கரைத்து வைத்தால் நிறம் அப்படியே நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ள கூடலூர்க்காரர் தொலைவில் தேட வேண்டியதில்லை; தலையை உயர்த்தி மலையைப் பார்த்தாலே போதும். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர், மலைமுகட்டுக்கு அப்பால் தேக்கடியில் உயரத்தில் நிற்கிறது. அது இறங்கினால் லோயர்கேம்பின் ராட்சதக் குழாய்களின் வழியே மின்னாக்கிகளைச் சுழற்றும் அளவுக்கு அதனிடம் ஆற்றல் உண்டு. ஆனால் தேக்கடியில் மதகைத் திறந்து, மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் விட்டாலன்றி, ஒரு சொட்டும் பள்ளத்தாக்குக்கு வராது. எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. இறங்குவதற்கு வழி திறந்திருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. வேதியியலில் முதலாவதை வெப்ப இயக்கவியலும் இரண்டாவதை வினைவேகவியலும் ஆராய்கின்றன. பெர்குளோரேட்டில் குளோரின் அணு நடுவிலும் நான்கு ஆக்சிஜன்கள் நான்முகியின் நான்கு முனைகளிலும் அமர்ந்து, சுற்றிலும் உறுதியான பிணைப்புகளால் அரண் அமைத்துவிடுவதால், எலக்ட்ரான் தர வரும் பொருள் குளோரினை நெருங்கவே முடிவதில்லை. ஹைப்போகுளோரைட்டின் குளோரினோ ஒரே ஓர் ஆக்சிஜனோடு, மற்ற எல்லாப் பக்கமும் திறந்து நிற்கிறது. கரை உடைந்த கண்மாய் போல அதன் ஆற்றல் உடனே வெளியேறுகிறது.

மூன்றாம் படியான குளோரேட்டு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஹைப்போகுளோரைட்டுக் கரைசலைச் சூடாக்கினால், மூன்று ஹைப்போகுளோரைட்டுகளில் ஒன்று மற்ற இரண்டின் ஆக்சிஜன்களையும் எடுத்துக்கொண்டு குளோரேட்டாகிறது. கொடுத்த இரண்டும் வெறும் குளோரைடாகித் திரும்புகின்றன. மூன்று சகோதரர்கள் ஆளுக்கொரு மாடு வைத்திருந்து, ஒருவரிடமே மூன்றும் சேர்ந்துவிட்டது போன்ற இந்த வினைக்குத் தன்னேற்ற ஒடுக்கம் என்று பெயர்.

குளோரேட்டின் மதகு, உரசலின் வெப்பத்துக்கே திறந்துவிடும். தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசிய சிவப்பு பாஸ்பரஸின் துகள் குச்சியின் முனையிலுள்ள குளோரேட்டோடு உரசியதும் பொறி பிறக்கிறது. அந்த வெப்பத்தில் குளோரேட்டு தன் ஆக்சிஜனைக் கந்தகத்துக்கும் பசைக்கும் கொடுத்துச் சுடராகிறது. 1922-இல் சிவகாசியிலிருந்து ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக்கே வாழ்வளித்தது இந்த மூன்று ஆக்சிஜன்களின் தயவில்தான். ஆனால் கந்தகமும் குளோரேட்டும் உலர்ந்த கலவையாகச் சேரும்போது, ஈரத்தில் கந்தகத்திலிருந்து உண்டாகும் சிறிதளவு அமிலம்கூட மதகைத் தானாகவே திறந்துவிடக்கூடும். குளோரேட்டைக் கண்டறிந்த பெர்தொலே, வெடிமருந்தில் வெடியுப்புக்கு மாற்றாக அதனைப் பயன்படுத்த முயன்றபோது 1788-இல் பிரான்சில் உயிர்ப்பலி நேர்ந்தது. இந்தியாவில் 1992-ஆம் ஆண்டு அறிவிப்பு, வெடிபொருள்களில் கந்தகத்தோடு குளோரேட்டைக் கலப்பதைத் தடைசெய்து, தீக்குச்சி முனை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பட்டாசுத் தொழிலாளரின் உயிரைப் பொறுத்தவரை இதனினும் முக்கியமான வேதியியல் பாடம் இல்லை.

நான்காம் படியின் தேங்கிய ஆற்றலுக்கு ஏற்ற வேலை விண்வெளியில் கிடைத்தது. சாதாரண வெப்பநிலையில் அசையாமல் இருந்து, தீ மூட்டியதும் முழு ஆக்சிஜனையும் தரும் அம்மோனியம் பெர்குளோரேட்டு, இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் முதல் கட்டத்தில் நிரப்பப்படும் ஏறத்தாழ 138 டன் திட எரிபொருளின் பெரும்பகுதி. அதனைத் தயாரிக்கும் இஸ்ரோவின் ஆலை கேரளத்தின் ஆலுவாவில், பெரியாறு கடலை நெருங்கும் பகுதியில் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் திருப்பப்பட்ட ஆற்றின் மறுபகுதி பாயும் ஊர் அது. எளிதில் வினைபுரியாத தன்மையே பெர்குளோரேட்டுக்கு ஒரு தீமையையும் தருகிறது: நீரில் கரைந்துவிட்டால் அது தானாக அழிவதில்லை. அதன் வடிவும் மின்னூட்டமும் அயோடைடை ஒத்திருப்பதால், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடைடை உள்ளிழுக்கும் வாயிலை அது அடைத்துக்கொள்கிறது. 2008-இல் செவ்வாயில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் அங்கே மண்ணிலும் பெர்குளோரேட்டு இருப்பதைக் கண்டது.

அயோடின் பெரிய அணு என்பதால் அதன் ஆக்சி அமிலங்களின் இயல்பும் வேறு. தன்னைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்களைக்கூட அதனால் அமர்த்திக்கொள்ள முடியும். உப்புப் பொட்டலத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் பொட்டாசியம் அயோடேட்டு, குளோரேட்டின் அயோடின் உறவினர். உடலுக்குத் தேவைப்படுவது அயோடைடுதான் என்றாலும், ஈரக் காற்றில் அயோடைடு எலக்ட்ரானை இழந்து அயோடினாகி ஆவியாகிவிடும். அயோடேட்டிலோ காற்று பறிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே அது மாதக்கணக்கில் நிலைத்திருந்து, உடலுக்குள் சென்றபின் அயோடைடாக மாறிப் பயன்படுகிறது. இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கி வி. ராமலிங்கசுவாமி குழுவினர் நடத்திய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பால் முன்கழுத்துக் கழலை குறைவதை இந்தியாவுக்குக் காட்டியது. வாங்குவோரின் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. பத்து கிராம் உப்பில் அது 150 மைக்ரோகிராம், வளர்ந்த ஒருவரின் ஒரு நாள் தேவை. உப்பின் மேல் அமிலம் கலந்த அயோடைடும் மாவுக் கரைசலும் துளியாக விட்டால் நீலம் தோன்றும். அயோடேட்டும் அயோடைடும் சந்தித்து அயோடினாகி மாவைச் சாயமேற்றுவதே அந்த நீலம்.

குளோரினுக்கும் அயோடினுக்கும் நான்காம் படி இருக்க, நடுவிலுள்ள புரோமினுக்கு மட்டும் அது இல்லை என்பது நூறு ஆண்டுக்கும் மேலாக வேதியியலாளரை வாட்டியது. முயன்று தோற்றவர்கள் பலர். அது ஏன் இருக்க முடியாது என்பதற்குக் கோட்பாட்டு விளக்கங்கள்கூட எழுதப்பட்டன. 1968-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் இவான் ஆப்பல்மன் ஒரு மாற்று வழியைக் கண்டார். நான்கு ஆக்சிஜன்களுக்கு நடுவில் செலினியம் இருக்கும் செலினேட்டு எளிதாகக் கிடைப்பது. அந்தச் செலினியம் கதிரியக்கத் தன்மை உடையதாக இருந்தால், அது எலக்ட்ரானை உமிழ்ந்து அடுத்த தனிமமான புரோமினாகத் தானே மாறும். நான்கு சுவரும் நின்றபடி நிற்க, குடியிருப்பவர் மட்டும் மாறிய வீடு போல, பெர்புரோமேட்டு பிறந்தது. அது இருக்க முடியும் என்று தெரிந்தபின், ஃபுளூரினைக் கொண்டு வேதிமுறையிலும் அது செய்யப்பட்டது. இருக்க முடியாது என்று எழுதப்பட்ட விளக்கங்கள் யாவும் ஒரே நாளில் பயனற்றுப் போயின.

இவ்வளவு படிகளையும் கடந்து வந்த வாசகருக்கு, வீட்டில் உடனே பயன்படும் ஒரு செய்தி எஞ்சுகிறது. குளோரின் நீரில் கரைந்தால் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உப்பமிலமும் உண்டாகும். அதே வினை அமிலம் மிகுந்தால் பின்னோக்கித் திரும்பி நச்சு வாயுவான குளோரினையே வெளிவிடும். ஆகவே பிளீச்சிங் பவுடரையோ சலவை நீர்மத்தையோ கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒரே வாளியில், ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம். பவுடரை இறுக மூடிய பாத்திரத்தில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில், ஆசிட் புட்டியிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும்.